கனகத்தின் பத்து விரலும்

வல்லம் வடகாலில் இறங்கி, டச் கனகம் வீடு எங்கே என்று கேட்டுப் பாருங்கள். டீக்கடையில் பாதி வடையை வாயில் வைத்திருப்பவர்கூடக் கையை நீட்டி வழி காட்டுவார். வெறும் கனகம் என்று கேட்டால் ஆளுக்கொரு பக்கம் காட்டுவார்கள். ஊரில் கனகத்துக்குப் பஞ்சமில்லை, டச் கனகம் மட்டும் ஒருத்திதான்.

தொடுவதுதான் அவள் வேலை. கம்பெனி பெயர் நமக்கு எதற்கு, போன் செய்கிற கம்பெனி என்றால் போதும். எல்லாம் பூட்டி முடித்த போன், பெட்டிக்குள் போவதற்கு முன்னால் அவள் மேஜைக்கு வரும். திரை முழுக்கக் கட்டம் கட்டமாக இருக்கும். ஒரு மூலையில் விரலை வைத்து இழுத்துக்கொண்டே போனால், தொட்ட கட்டமெல்லாம் உடனுக்குடன் பச்சையாக வேண்டும். அப்படி ஆகிவிட்டால் நல்ல தட்டு. விரல் போய்ச் சேர்ந்த பிறகு பச்சை ஆடி அசைந்து பின்னால் வந்தால் சிவப்புத் தட்டு. ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை போன் தொடுவாள் என்று அவள் எண்ணியதில்லை. வேர்வை படக்கூடாது என்று ஆள்காட்டி விரலில் ஒரு கறுப்பு ரப்பர் கேப் கொடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் ஆயுதம்.

அந்தக் கம்பெனி நிற்கிற இடத்தில் முன்னே நெல் வயல் இருந்தது. அதில் கனகம் நாற்று நட்டிருக்கிறாள். உடனே நீங்கள் உச்சுக்கொட்ட வேண்டாம், அவளுக்குப் பிடிக்காது. "நாள் பூரா குனிஞ்சி நட்டவளைக் கேளு. ஏசில உக்காந்துகினு வேல பாக்கறதுல இன்னா கஷ்டம்?" என்று வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிடுவாள்.

ஆனால் அந்த உட்காருகிற இடம் சும்மா கிடைக்கவில்லை. முதலில் ஹவுஸ்கீப்பிங்கில் துடைப்பம் பிடித்தாள். அப்புறம் அட்டைப்பெட்டி மடித்தாள். அப்புறம் பேக்கிங்கில் வருஷக்கணக்கில் நின்றாள். பேக்கிங் என்றால் நின்றுகொண்டேதான். அதில் வலது கெண்டைக்காலில் நரம்பு சுருட்டிக்கொண்டு நீலமாகப் புடைத்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் காலைச் சுவரில் தூக்கி வைத்துக்கொண்டு படுத்துத்தான் சமையலுக்கே எழுந்திருப்பாள். ஒரு நாள் டச் நாற்காலிக்காரி வரவில்லை. "நீ கொஞ்சம் உக்காரு" என்றார்கள். உட்கார்ந்த அன்றைக்கே, திரை மந்தமாக வந்த போன்கள் கொஞ்சத்தைக் கண்டுபிடித்து நிறுத்திவிட்டாள். அன்றிலிருந்து நாற்காலி அவளுடையது. கால் வலியும் பாதியாகக் குறைந்தது.

கையில் வைத்திருக்கிற போனும் அந்த நாற்காலியைக் கடந்து போன ரகம்தான். கம்பெனி ஆட்களுக்குச் சலுகையில் கொடுத்தபோது, தானே தேய்த்துப் பார்த்துப் பொறுக்கியெடுத்து வாங்கினாள். அதை யாரும் தொடக்கூடாது. அண்ணாதுரை தொடவே மாட்டான். அவள் புருஷன். ஒரு குடோனில் வாட்ச்மேன். கையில் பட்டன் போன், அதிலும் பச்சைப் பட்டன் சிவப்புப் பட்டன் இரண்டைத் தவிர வேறெதோடும் பழக்கமில்லை.

இவ்வளவு சொன்னது எதற்கென்றால், அந்த ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லத்தான்.

சங்கரா மீன் வாங்கி வந்து, வாசலில் உட்கார்ந்து செதில் தேய்த்துக்கொண்டிருந்தாள் கனகம். பக்கத்தில் பலகை மேல் போன். 'அப்டேட் செய்யவா?' என்று அது ஒரு மாதமாகக் கேட்டுக்கொண்டே இருந்தது. அவளும் 'பிறகு' என்று தள்ளிக்கொண்டே இருந்தாள். அன்றைக்கும் கேட்டது. கையெல்லாம் மீன். விரல் மடக்கிய முட்டியால் 'பிறகு' என்று குத்தப் போனாள், குத்தியது பக்கத்துப் பொத்தானை. அதைப் பார்க்கக்கூட நேரமில்லை. அதே நொடியில் சங்கரா முள் ஆள்காட்டி விரலில் நறுக்கென்று ஏறிவிட்டது. "அய்யோ யம்மா!" என்று விரலை வாயில் வைத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினாள். திரும்பி வந்தபோது போன் இருட்டாகக் கிடந்தது. சார்ஜ் போயிருக்கும் என்று விட்டுவிட்டாள்.

சாயங்காலம் வாலாஜாபாத்தில் கட்டிக்கொடுத்த மகள் மதிவதனி வீடியோ கால் போட்டாள். கனகம் பச்சை வட்டத்தை இழுத்தாள். அது வரவில்லை. மறுபடி இழுத்தாள். நின்று நிதானமாக யோசித்துவிட்டு அது நகர்வதற்குள் மகள் வைத்துவிட்டாள். திருப்பிக் கூப்பிடலாம் என்று பெயரைத் தொட்டாள். தொட்டதற்கு ஒரு பதிலும் இல்லை. இரண்டாம் தரம் அழுத்தினாள். அப்போது முதல் தரம் தொட்டதற்கான பதில் வந்தது, கூடவே இரண்டாம் தரத்துக்கும் வந்தது, யாருக்கோ கால் போனது. எடுத்தவர் கேஸ் சிலிண்டர் ஏஜென்சிக்காரர்.

நமக்குத் தெரிகிறது. போன் அப்டேட்டில் வந்த புது சாமான்களை எல்லாம் உள்ளே வாங்கிப் போட்டுக்கொண்டு, எதை எங்கே வைப்பது என்று தெரியாமல் உருட்டிக்கொண்டிருக்கிறது. கனகத்துக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்ததெல்லாம், மத்தியானம் விரலில் முள் குத்தியது, சாயங்காலம் விரல் வேலை செய்யவில்லை.

நடுவிரலால் தொட்டுப் பார்த்தாள். அதே மந்தம். கட்டைவிரல், சுண்டுவிரல், இடது கை, ஒன்றும் பாக்கியில்லை. கதவைச் சாத்திக்கொண்டு கால் கட்டைவிரலால்கூடத் தேய்த்துப் பார்த்தாள். அதுவும் மந்தம்.

அப்போதாவது போன் மேல் சந்தேகம் வந்திருக்க வேண்டாமா? உங்களுக்கும் எனக்கும் வந்திருக்கும். கனகத்துக்கு வரவில்லை. ஏன் வரும்? "இது நா பாஸ் பண்ண போனு" என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். தன் விரலுக்குக் கீழே தேறிப் போன சாமானில் கோளாறு இருக்கலாம் என்று அவள் புத்திக்கு எட்டவே இல்லை. ஆக, மீன் முள்ளின் விஷம் ஒரு விரலில் ஏறிப் பத்து விரலுக்கும் பரவிவிட்டது என்று முடிவு கட்டினாள். காலுக்கு எப்படிப் போனது என்று கேட்காதீர்கள், ரத்தம் அங்கேயும்தானே ஓடுகிறது.

மறுநாள் பயந்துகொண்டேதான் லைனில் உட்கார்ந்தாள். கறுப்புக் கேப்பை மாட்டினாள். முதல் போனில் விரலை வைத்தாள். கட்டமெல்லாம் சரசரவென்று பச்சையாகிவிட்டது! அடுத்ததும் அப்படியே. அப்பாடா என்று மூச்சு விட்டவள், உடனே யோசித்தாள். வீட்டில் வெறும் விரல், வேலை செய்யவில்லை. இங்கே கேப் போட்ட விரல், வேலை செய்கிறது. அப்படியானால் வேலை செய்வது கேப்தான், விரல் இல்லை. விரல் செத்துப்போய்விட்டது, கேப்புக்குள் சும்மா குச்சியாக நிற்கிறது. கணக்கு எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பாருங்கள்.

சரி, கேப் இருக்கிற வரைக்கும் பிழைப்பு ஓடும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். அதற்கும் அன்று மத்தியானமே வேட்டு வந்தது.

லைன் லீடர் ஜோதி எல்லோரையும் கூப்பிட்டு நிறுத்தினாள். திருநெல்வேலிப் பெண், வயசு சின்னதுதான், ஆனால் குரல் கடைசி மெஷின் வரைக்கும் கேட்கும். "எல்லாரும் கேளுங்க. புது மாடல் வருது. அதுக்கு டச் டெஸ்ட்ல கேப் கிடையாது. வாங்குதவன் வெறும் விரல்லதான தேய்க்கப் போறான், அப்ப நாமளும் வெறும் விரல்லதான் பாக்கணும்னு சொல்லிட்டாவ. சனிக்கிழம ட்ரையல். கனகம் அக்கா, காவேரி, ரெண்டு பேரும் வாங்க. யாரு நல்லா பாக்குதாவளோ அவங்களுக்கு அந்த சீட்டு. இன்னொருத்தர் பேக்கிங்."

காவேரி பக்கத்து மேஜைப் பெண். கனகம் வராத நாளில் அவளுக்கு மாற்றாக உட்காருகிறவள். அக்கா அக்கா என்று உயிரை விடுவாள். அவள் கனகத்தின் தோளை இடித்து, "நமக்கென்னக்கா, உனக்குத்தான் சீட்டு. நான் இப்பவே பேக்கிங்குக்கு மூட்ட கட்டிக்கினேன்" என்று சிரித்தாள். கனகத்துக்குச் சிரிப்பு வரவில்லை. வலது கெண்டைக்கால் இப்போதே வலிக்க ஆரம்பித்துவிட்டது.

வீட்டுக்கு வந்து அண்ணாதுரையிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் அவள் விரலைப் பிடித்து விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"வெளிய ஒண்ணும் தெரியலியே."

"வெளிய இன்னாயா தெரியும்? உள்ள செத்துப்போச்சு."

"கிள்ளுனா வலிக்குதா?"

"வலிக்குது. வலி தெரியுது, போனுக்குதான் தெரிய மாட்டேங்குது."

அண்ணாதுரை நல்ல மனுஷன். புரியாத விஷயத்தில் வாதம் பண்ண மாட்டான். "செரி வுடு, சனிக்கெழம வரைக்கும் கைக்கு ரெஸ்ட்டு குடு. நீ ஒண்ணும் தொடாத" என்று சொல்லிவிட்டு, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு பாத்திரம் தேய்க்க உட்கார்ந்தான். கல்யாணமான நாளிலிருந்து அந்த வீட்டில் நடக்காத காரியம் அது.

அடுத்த வீட்டுக் கோவிந்தம்மா இதை வேலிக்கு மேல் எட்டிப் பார்த்துவிட்டாள். பிறகு கேட்கவா வேண்டும்! "இன்னாடி கனகம், அண்ணாதுரைய பாத்திரத்துல உக்கார வச்சிட்ட?" என்று வந்தவள், விஷயத்தைக் கேட்டதும் வைத்தியத்தில் இறங்கினாள். மீன் விஷத்துக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் போட்டாள். அது காய்ந்ததும் வடித்த கஞ்சியில் பத்து விரலையும் முக்கி வைக்கச் சொன்னாள். விளக்கெண்ணெய் தடவித் துணி சுற்றிவிட்டாள். துணி சுற்றிய கையோடு கனகம் சாப்பிட முடியாமல் உட்கார்ந்திருக்க, அண்ணாதுரை சோற்றைப் பிசைந்து ஊட்டினான். கோவிந்தம்மாவுக்குக் கண் நிறைய வேடிக்கை.

வைத்தியம் நடந்த ஒவ்வொரு நாளும் கனகம் துணியை அவிழ்த்து, விரலைத் துடைத்து, போனைத் தொட்டுப் பார்த்தாள். அது அசைந்து கொடுக்கவில்லை. எப்படிக் கொடுக்கும்? ஷிஃப்டு முழுக்க அணைத்து லாக்கரில் வைக்க வேண்டும், அது கம்பெனிச் சட்டம். வீட்டுக்கு வந்தாலும் அணைத்துவிட்டுத்தான் சார்ஜில் போடுவாள், அப்போதுதான் பேட்டரி உழைக்கும் என்பது அவள் சட்டம். சாமானை அடுக்கி முடிக்க அந்தப் போனுக்கு ஒரு பொழுதுகூட விடவில்லை அவள். கண் திறக்கும்போதெல்லாம் அது விட்ட இடத்திலிருந்து மறுபடி உருட்ட ஆரம்பித்தது.

மதிவதனி அப்பாவின் பட்டன் போனுக்குக் கூப்பிட்டுக் கத்தினாள். "இன்னாம்மா, போன் பண்ணா எடுக்க மாட்டேங்குற? எம்மேல கோவமா?"

"கோவம் இன்னாடி, கை சரியில்ல" என்றாள் கனகம்.

ஸ்ரீபெரும்புதூரில் டாக்டரிடமும் காட்டியாகிவிட்டது. அவர் ஒவ்வொரு விரலாக ஊசி முனையால் தொட்டார். ஒவ்வொரு விரலுக்கும் "தெரியுது" என்றாள் கனகம். "பின்ன என்னம்மா?" என்றார் அவர். "எனக்குத் தெரியுது டாக்டர், போனுக்குத் தெரியல" என்றாள். டாக்டர் கொஞ்ச நேரம் அவள் முகத்தையே பார்த்தார். சர்க்கரை பார்த்தார், சரியாக இருந்தது. நன்றாகத் தூங்கச் சொல்லி, சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார்.

வெளியே வந்தவள் நேரே வெள்ளிக்கடைக்குப் போனாள். உடம்பில் எங்கே நோவோ அந்த உறுப்பை வெள்ளித் தகட்டில் வாங்கி அம்மன் உண்டியலில் போடுவதாக வேண்டிக்கொள்வது உண்டல்லவா, அது அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"விரல் கீதா?"

கடைக்காரர் தட்டை முன்னால் தள்ளினார். கண் இருந்தது, கால் இருந்தது, காது இருந்தது, தொட்டில்கூட இருந்தது.

"விரல் தனியா வராதும்மா. கையாதான் வாங்கணும்."

கனகம் யோசித்தாள். பத்து விரலும் போயிருக்கிறதே, கையாகவே வாங்கினால்தான் என்ன? ஆக, சின்ன வெள்ளிக் கை ஒன்று அவள் பர்ஸுக்குள் வந்து சேர்ந்தது. பஸ்ஸில் வரும்போதே எல்லையம்மனிடம் பேசி முடித்துவிட்டாள். 'தாயே, விரலக் குடுத்துடு. ஞாயித்துக்கெழம வந்து கையப் போட்டுடறேன்.'

இதற்கெல்லாம் நடுவில் ஒரு வழி இருந்தது, அதை நீங்களும் இந்நேரம் கேட்டிருப்பீர்கள். வேறு யாருடைய போனையாவது ஒரு தடவை தொட்டுப் பார்த்திருக்கலாமே? வியாழக்கிழமை கேன்டீனிலிருந்து வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த வாய்ப்பு தானாகவே வந்தது. காவேரி தன் தம்பி கல்யாண போட்டோவைக் காட்டுகிறேன் என்று போனை நீட்டினாள். "தள்ளித் தள்ளிப் பாருக்கா, நெறைய கீது."

கனகம் இரண்டு கையையும் முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "நீயே தள்ளு. என் கை அழுக்கு."

தொட்டால் தெரிந்துவிடும். தெரிந்துவிட்டால் அப்புறம் சனிக்கிழமை வரைக்கும் எதை நம்பிக்கொண்டு இருப்பது? பயந்துவிட்டாள், அவ்வளவுதான். காவேரி ஒவ்வொரு போட்டோவாகத் தள்ள, கனகம் மாப்பிள்ளையையும் பார்க்கவில்லை பெண்ணையும் பார்க்கவில்லை. காவேரியின் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். எவ்வளவு சுகமாகப் போகிறது அந்த விரல்! அவளுக்கு அழுகை வந்துவிட்டது. "தம்பி கல்யாணம் பாத்து அக்காவுக்கு ஆனந்தக் கண்ணீரு" என்று காவேரி எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு போனாள்.

வெள்ளிக்கிழமை ஷிஃப்டு முடிந்ததும் கனகம் ஜோதியிடம் போய் நின்றாள். எல்லோர் முன்னாலும் தோற்று அவமானப்படுவதைவிட, தானாகவே ஒதுங்கிவிடலாம் என்று முடிவு பண்ணியிருந்தாள்.

"ஜோதி, ட்ரையல்லேர்ந்து என் பேர எடுத்துடும்மா. நா பேக்கிங்குக்கே போறேன்."

ஜோதி நிமிர்ந்து பார்த்தாள். "என்னக்கா சொல்லுதிய? கால வச்சிக்கிட்டு பேக்கிங்லயா?"

"நின்னுக்கலாம். பழகுன காலுதான்."

"ஏன், என்ன ஆச்சு?"

விரல் செத்துப்போச்சு என்று சொல்ல வாய் வரவில்லை. "ஒண்ணுமில்ல, வயசாவுதுல்ல" என்றாள்.

ஜோதிக்கு அன்றைக்குத் தலைக்கு மேல் வேலை. "பேரெல்லாம் மேல போயிட்டுக்கா. இனி எடுக்க முடியாது. நாளைக்கு வந்து தோத்துட்டாவது போங்க" என்று சொல்லிவிட்டு ஓடிவிட்டாள். அவள் வாய்ப்பேச்சாகத்தான் சொன்னாள். கனகத்துக்கு அது சாபமாகக் கேட்டது. வீட்டுக்கு வந்து சொன்னபோது அண்ணாதுரை கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "போய் தொட்டுட்டு வா. அந்தப் பொண்ணு சொல்றது செரிதான். தொடாமயே எப்டி தோப்ப?" என்றான். கனகம் அவன் வைத்த ரசத்தைக் குடித்தாள். அதில் உப்பில்லை.

சனிக்கிழமை. லைனை ஒட்டிய கண்ணாடி அறையில் மேஜை போட்டு, பத்து போனை வரிசையாக அடுக்கி வைத்திருந்தார்கள். குவாலிட்டி இன்ஜினியர் ஹேமந்த் ஒரு பக்கம், ஜோதி ஒரு பக்கம். காவேரி முதலில் உள்ளே போனாள். கனகம் வெளியே நின்றபடி, துணியால் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே இருந்தாள். காவேரி வெளியே வந்து, "ஒண்ணும் இல்லக்கா, சும்மா தேச்சா போதும்" என்று கண்ணடித்தாள்.

கனகம் போய் உட்கார்ந்தாள். கேப் இல்லாத விரல் அம்மணமாக இருந்தது. 'தாயே, வெள்ளிக் கை' என்று ஒரு முறை ஞாபகப்படுத்திவிட்டு, முதல் போனின் மூலையில் விரலை வைத்தாள்.

பச்சை!

வைத்த கணமே பச்சை. இழுத்தாள், கூடவே வந்தது. வளைத்தாள், வளைந்து வந்தது. திரை முழுக்க ஒரே ஓட்டமாக ஓடி மறு மூலையில் போய் நின்றது விரல். ஒரு கட்டம் பாக்கியில்லை. அடுத்த போனை இழுத்துக்கொண்டாள். பச்சை. நடுவிரலை வைத்துப் பார்த்தாள், அதற்கும் பச்சை. சுண்டுவிரலுக்கும் பச்சை! "அக்கா, எத்தன விரலு வைப்பிய?" என்றாள் ஜோதி. கனகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். தூசி என்றாள்.

அப்புறம் பார்க்க வேண்டுமே அவள் வேகத்தை! போன்கள் நல்ல தட்டுக்கு ஒவ்வொன்றாகத் தாவிக்கொண்டிருந்தன. ஹேமந்த் குறித்துக்கொள்வதற்குள் அடுத்தது தயாராக இருந்தது.

கடைசிக்கு முந்தைய போனில் விரலை வைத்தாள். இழுத்தாள். விரல் போய்விட்டது. பச்சை பின்னால் வந்தது.

கை அப்படியே நின்றுவிட்டது. இந்த மந்தம் அவளுக்கு நன்றாகத் தெரியும். ஒரு வாரமாக வீட்டில் பார்த்துப் பார்த்து அழுத மந்தம் இதுதான். திரும்ப வந்துவிட்டதா விஷம்?

ஹேமந்த் மேஜை மேல் சாய்ந்து, "விரல்ல வேர்வையா இருக்கும்மா. தொடச்சிட்டு இன்னொரு வாட்டி பாருங்க" என்றான்.

கனகம் துணியை எடுத்தாள். எடுத்தவள், துடைக்கவில்லை. தன் விரலைப் பார்த்தாள். இப்போதுதானே இத்தனை போனில் ஓடி வந்தது இது? துணியைக் கீழே வைத்தாள். பக்கத்தில் தேறிப்போன ஒரு போனை எடுத்து, அதே விரலை அதில் வைத்து இழுத்தாள். பச்சை கூடவே ஓடியது. மறுபடி இதில் வைத்தாள். பின்னால் வந்தது.

"விரல்ல ஒண்ணும் இல்ல சார்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். அப்புறம் சத்தமாகவே சொன்னாள். "என் விரல் நல்லாத்தான் கீது. போனுலதான் கோளாறு."

தூக்கிச் சிவப்புத் தட்டில் வைத்தாள்.

ஹேமந்த் சிரித்துவிட்டான். "அதான்மா வேணும். அது நாங்களே மந்தமா செஞ்சு வச்ச போனு. வேர்வைன்னு சொல்லச் சொன்னதும் மேலதான். எல்லார்கிட்டயும் சொல்லணும்னு ஆர்டர்."

வெளியே வந்ததும் காவேரி ஓடி வந்து கேட்டாள். விஷயம் தெரிந்ததும் தலையில் கை வைத்துக்கொண்டாள். "அடச்சே! அது போனு கோளாறாக்கா? எனக்கும்தான் இழுத்துச்சு. அவுரு வேர்வைன்னாரு, நானும் தொடச்சித் தொடச்சிப் பாத்துட்டு நம்ம விரல்தான் சரியில்லன்னு நல்லதுல வச்சிட்டு வந்துட்டேன்."

"நீ ஒரு நிமிஷம் நெனச்சடி" என்றாள் கனகம். "நா ஒரு வாரம் நெனச்சேன்."

சொல்லிவிட்டு லாக்கருக்குப் போனாள். போனை எடுத்து உயிர் கொடுத்து, காவேரி கையில் திணித்தாள். "இத கொஞ்சம் தள்ளிப் பாரு." காவேரி தள்ளினாள். அது அசைந்து அசைந்து வந்தது. "இன்னாக்கா இது, இவ்ளோ மந்தமா கீது? அப்டேட் போட்டியா?" என்று உள்ளே போய்ப் பார்த்தாள். "ஆமா, போன ஞாயித்துக்கெழம ஆயிருக்கு பாரு. அப்டேட் ஆனா கொஞ்ச நாளு இப்டிதான் இழுக்கும். அணைக்காம சார்ஜுல போட்டு ஒரு பொழுது சும்மா வுட்டாக்கா தானா சரியாய்டும். நீதான் எப்பப் பாத்தாலும் அணைச்சி அணைச்சி வக்கிறியே."

கனகத்துக்கு ஞாயிற்றுக்கிழமை, மீன், முட்டியால் குத்திய பொத்தான் எல்லாம் வரிசையாக ஞாபகம் வந்தன. கஞ்சி, விளக்கெண்ணெய், டாக்டர் பார்த்த பார்வை, ஜோதியிடம் போய் வயசாகிறது என்று சொன்னது. அந்தக் கடைசி ஒன்றில்தான் அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. போன் மேல் இல்லை, தன் மேல். "பாவி, கொஞ்சம் இருந்தா நானே என்னை பேக்கிங்குக்கு அனுப்பியிருப்பேனேடி!" என்று லாக்கர் கதவில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். நாலு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

சீட்டு கனகத்துக்கு என்று ஆகிவிட்டது. பேக்கிங்குக்குப் போகிற காவேரியைப் பார்க்கவும் மனசு கேட்கவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை வந்து தன் நாற்காலியில் கொஞ்சம் உட்காரச் சொன்னாள், ஜோதி கண்டுகொள்ள மாட்டாள் என்றாள். "போக்கா, எனக்கு இன்னும் காலு நல்லா கீது" என்றாள் காவேரி.

ஞாயிற்றுக்கிழமை காலையில், போனை அணைக்காமல் சார்ஜில் போட்டு, மேலே ஒரு துண்டை மூடிவிட்டாள் கனகம். யாரும் கிட்டப் போகக்கூடாது என்று உத்தரவு. அண்ணாதுரை பாத்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, "கைதான் நல்லாகீதுன்னு ஆயிடுச்சே, இன்னும் நானா?" என்று கேட்டுப் பார்த்தான். வேலிக்கு அப்பால் கோவிந்தம்மா சிரித்தாள். கனகம் காதில் வாங்கவில்லை. புடவை மாற்றி, பர்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

"எங்க போற?"

"எல்லையம்மனுக்கு. கையப் போட்டுட்டு வந்துடறேன்."

"யோசன பண்ணு கனகம். விரலக் குடுத்தா போடறேன்னுதானே வேண்டிக்கின? விரல் எங்க போச்சு குடுக்கறதுக்கு? அது பாட்டுக்குத்தானே இருந்துது. கடன் ஒண்ணும் கெடையாது."

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டிருந்த கனகம் நின்றாள். அவன் சொன்னது நியாயம்தான். கொஞ்ச நேரம் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். நாற்று நட்டது, துடைப்பம் பிடித்தது, பெட்டி மடித்தது, போன் தேய்த்தது, எல்லாம் இதே கைதான். ஒரு வாரம் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்ததும் இதைத்தான்.

"நோவு போனாதான் போடணுமா?" என்றாள். "இத்தினி வருசம் நல்லா இருந்துதே, அதுக்கு ஒரு வாட்டி போடக்கூடாதா?"

அண்ணாதுரை அடுத்த பாத்திரத்தை எடுத்தான். கோயிலில் கூட்டமில்லை. கனகம் வெள்ளிக் கையை எடுத்து, அதன் ஐந்து விரலையும் தன் ஆள்காட்டி விரலால் ஒரு தடவை தேய்த்துப் பார்த்தாள். பழக்கம், வேறென்ன. பிறகு உண்டியலில் போட்டாள்.